பேசியவர்கள் பட்டியலில் ஒரே பெயர்

போன மாதம் வட்டாரப் பயிற்சிக்குக் கூப்பிட்டு, புதிதாக டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினீர்கள். குற்றம் சொல்லவில்லை, முப்பத்திரண்டு வருடம் நானும் அப்படித்தான் தூங்கியிருக்கிறேன். குழந்தைகளின் மனவெழுச்சி மேலாண்மையும் கற்றல் அடைவும் என்று தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் திரையில் ஐந்து முகங்களைக் காட்டினார். சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம் என்று வரிசையாக. பிள்ளை காலையில் வந்ததும் தன் முகம் எது என்று தொட்டுக் காட்ட வேண்டுமாம். நல்ல யோசனைதான். என் வகுப்புச் சுவரிலும் அந்த அட்டை தொங்கியது. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும் முகத்தைத்தான் தொடுவார்கள். அதைத் தொட்டால்தான் டீச்சர் அடுத்த கேள்வி கேட்காமல் விடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்ததை அன்றைக்குச் சொல்லவில்லை. மைக் கரகரத்தது, முட்டி வலித்தது, இரண்டு வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கிளம்பும்போது உங்களில் ஒரு பெண் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "மேடம், ஒரு புள்ள நல்லா படிக்குது. திடீர்னு ஒண்ணுமே வரமாட்டேங்குது. இன்னா பண்றதுன்னே தெரியல மேடம்" என்றாள். அதற்குள் செவிலிமேடு போகும் டவுன் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் ஜெனியின் ஞாபகம் வந்தது. அது வந்தால் சும்மா போகாது. ஆகவே இதை எழுதுகிறேன். பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கடைசிப் பதினோரு வருடம் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தமே இரண்டு டீச்சர். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு மூன்றும் என் அறையில். நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில் இன்னொரு டீச்சரிடம். இதற்கு நடுவில் போனில் ஏற்ற வேண்டியவை வேறு. வருகைப் பதிவை ஏற்று, காலைச் சாப்பாட்டுப் படத்தை ஏற்று, கழிப்பறை கழுவிய படத்தை ஏற்று. அறைக்குள் போன் அடிக்கும், படம் ஏற்ற நெட் மட்டும் கிடைக்காது. பாடம் நடத்திய நேரத்தைவிட கேட்டுக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம் இருக்கும்.

அப்படி வெளியே போகும்போது நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வைத்தியம் உண்டு. ஒரு பிள்ளையை லீடராக்கி, கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரை எழுது என்று சொல்லிவிட்டுப் போவது. போர்டில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு இருக்கும். அடங்காதவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னும் அடங்கவில்லை என்றால் இன்னொன்று. திரும்பி வந்து பட்டியலைப் பார்த்து முட்டி போட வைப்போம். நீங்கள் படிக்கும்போதும் இதே பட்டியலில் பெயர் வந்திருக்கும், அல்லது பெயர் எழுதியிருப்பீர்கள். எழுதியவர்கள்தான் பெரும்பாலும் டீச்சர் ஆகிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த வருடம் என் லீடர் ஜெனி. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா முன்பு பட்டு நூல் முறுக்கும் மில்லில் இருந்தாள். பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து விடும். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். அந்தத் தெருவில் பாதி வீட்டில் அதுதான் நிலைமை, ஆகவே நான் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெனியை நான் லீடராக்கியதற்குக் காரணம், அவள் வாயே திறக்கமாட்டாள். இரட்டைப் பின்னல், இஸ்திரி போட்ட பாவாடை, உதட்டில் விரல். மற்ற பிள்ளைகளுக்கு விரலை எடுக்கச் சொல்லும் முன்பே விரல் போய்விடும். ஜெனி மட்டும் நான் மறந்துபோனாலும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். கீழே விழுந்தால் அழமாட்டாள். பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கினால் பேசாமல் கொடுத்துவிடுவாள். என்ன அடக்கமான பிள்ளை என்று பக்கத்து அறை டீச்சரிடம் பெருமையடித்துக்கொள்வேன். படிப்பும் அப்படித்தான். ஆடி மாதம் வரும் முன்பே மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டு நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்துக்கொண்டிருந்தாள்.

காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு எல்லாம் மாறியது. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள். புத்தகம் கையில் இருக்கும், கண் எழுத்தின் மேல் இருக்கும், சத்தம் வராது. கணக்கு போடச் சொன்னால் போட்டதை அழிப்பாள், மறுபடி போடுவாள், மறுபடி அழிப்பாள், கடைசியில் தாள் கிழிந்துவிடும். அடுத்த வாரம் பார்த்தால் பழைய ஜெனி. ஒரு தப்பு இருக்காது. அதற்கடுத்த வாரம் மறுபடி மரம் மாதிரி நிற்பாள். எனக்கு எரிச்சல் வந்தது. தெரியாத பிள்ளை என்றால் பொறுமையாகச் சொல்லித் தருவேன். தெரிந்ததைச் சொல்லமாட்டேன் என்று நிற்கிற பிள்ளையை என்ன செய்வது?

அழுத்தக்காரி என்று முடிவு கட்டினேன். நம் தொழிலில் மிகச் சுலபமாக வாயில் வரும் வார்த்தை அது. சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

ஒருநாள் அவள் அப்பா ஆட்டோவோடு பள்ளி வழியாகப் போனார். கை காட்டி நிறுத்தினேன். ஆட்டோவுக்குள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சத்தமாகச் சொன்னேன். "உங்க பொண்ணு சரியான அழுத்தக்காரிங்க. வேணும்னே வாயத் தொறக்க மாட்டேங்கறா. இப்படியே போனா அவளுக்குப் படிப்பு ஏறாது, சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்றார். ஆட்டோ போய்விட்டது. கடமை முடிந்தது என்று நான் உள்ளே வந்துவிட்டேன். அந்த இரண்டு நிமிடப் பேச்சு அவர் மனதில் எங்கே போய் நின்றது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் தங்கை மகன் வேலூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பெண்ணையும் இந்தப் பள்ளியிலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்.

எங்கள் பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்க ஒரு பெண் வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"டீச்சர், உங்க லீடரு ஒரு வாரம் ரெண்டு தரம் வாங்கி சாப்புடுது. ஒரு வாரம் தட்டத் தொடவே மாட்டேங்குது. நீங்க பாத்தீங்களா?"

"உப்புமா புடிக்காது போல" என்றேன்.

"போங்க டீச்சர். உப்புமாவும் போடறேன், பொங்கலும் போடறேன், எதப் போட்டாலும் அந்த வாரம் தொடல. நானும் ரெண்டு மாசமா பாத்துக்கினுதான் இருக்கேன்."

நான் நின்று கேட்டிருக்க வேண்டும். என் கையில் போன் இருந்தது, படம் ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். பிள்ளையின் மதிப்பெண்ணும் வருகையும் என்னிடம் இருந்தன. தட்டு சமைக்கிறவளிடம்தான் இருந்தது.

அதே வாரம்தான் அது நடந்தது. எப்போதும்போல ஜெனி கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தால் அறை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்க்கிறார்கள். ‘பேசியவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரே பெயர். ஜெனி. பக்கத்தில் ஐந்து பெருக்கல் குறி.

"மிஸ், அவளேதான் எழுதினா மிஸ்!"

"அவ பேசவே இல்ல மிஸ்! நாங்கதான் பேசினோம்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். "இன்னாடி, நக்கலா? என்கிட்டயேவா?" என்று கத்திக்கொண்டே ஸ்கேலை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடிக்காததற்கு என் நல்ல மனசு காரணம் இல்லை. சமைக்கிற பெண் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். ஜெனி நகரவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் என் கை தானாகக் கீழே வந்துவிட்டது. அந்தக் கண் மூடிய முகம்தான் இன்றைக்கும் பஸ்ஸில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மற்ற பிள்ளைகளை வெளியே விளையாட விட்டேன். அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். எனக்கே மூச்சு வாங்கியது. ஸ்கேலை மேஜைக்குள் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீ பேசவே இல்லியாமே. அப்புறம் ஏம்மா உம் பேர எழுதின?"

"பேசினேன் மிஸ்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. உள்ள பேசிக்கினே இருந்தேன். நிறுத்த முடில மிஸ்."

"இன்னா பேசின?"

"அம்மா வந்துச்சா, அம்மா வந்துச்சா, அம்மா வந்துச்சான்னு."

மேஜையில் இருந்த சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டே துண்டு துண்டாகச் சொன்னாள். காலாண்டு லீவில் ஒரு விடியற்காலை அம்மா வந்த வேன் லாரியில் இடித்துவிட்டது. அம்மா மறுநாள்தான் நெற்றியில் தையலோடு வீட்டுக்கு வந்தாள். பெரியவர்களுக்கு அது முடிந்துபோன விஷயம். வேன் ஓடியது, அம்மா வேலைக்குப் போனாள். நைட் ஷிஃப்ட் என்றால் அம்மா வீட்டுக்கு வர எட்டரை ஆகும். ஜெனி பள்ளிச் சாப்பாட்டுக்காக எட்டு மணிக்கே வந்துவிடுவாள். அப்பா ஆறு மணிக்கே ஆட்டோ எடுத்துவிடுவார். ஆக, முந்தின நாள் சாயங்காலம் வேன் ஏறிய அம்மா உயிரோடு திரும்பினாளா இல்லையா என்று இந்தப் பிள்ளைக்கு மறுநாள் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும்வரை தெரியாது. அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் என் கழித்தல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"அழுவக்கூடாதுன்னு வூட்ல சொல்லிக்கீறாங்க. அழுதா அம்மாக்கு வேல போயிடும்." டப்பா மூடியைத் திறந்து மூடினாள். பிறகு, "அப்பா என்னிய ஹாஸ்டல்ல சேக்கப் போறேன்னு சொல்லுது மிஸ். நீங்க சொன்னீங்களாம். ஹாஸ்டல் போனா நாலு மணிக்குக்கூட தெரியாது இல்ல மிஸ்?" என்றாள்.

நான் டீச்சர், எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது. அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரி அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லல டீச்சர் எங்கிட்ட. டாட்டா காட்டிட்டு சிரிச்சிக்கினுதான் நிக்கும்" என்றாள். ஷிஃப்டை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளால் அது முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்.

"வூட்டுக்கு வந்து சேந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடும்மா. பேச வேணாம். ரெண்டு ரிங் அடிச்சா போதும்."

மறுநாளிலிருந்து போன் என் மேஜை மேல் இருந்தது. எட்டரைக்கு இரண்டு ரிங் அடித்து நின்றுவிடும். ஜெனி போனைப் பார்ப்பாள், நான் ஜெனியைப் பார்ப்பேன். பெருமூச்சு ஒன்று வரும், அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய மூச்சு. பிறகு எழுந்துபோய் சாப்பாட்டுத் தட்டை வாங்குவாள். சமைக்கிற பெண்ணிடம் நான் ஒன்றும் சொல்லவே இல்லை. அவளாகவே அந்த வாரங்களில் ஜெனியின் பங்கைத் தனியாக மூடி வைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு வாரத்தில் கழித்தல் கணக்கு சரியாக வந்தது. மூன்றாவது வாரம் வாசித்தாள். நான் புதிதாக எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். வகுப்பு சத்தமானது. பக்கத்து அறை டீச்சர் முறைத்தாள். முறைக்கட்டும்.

இதோடு கதை முடிந்திருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டு போயிருப்பேன். ஒன்று பாக்கி இருந்தது. ஆட்டோவை நிறுத்திச் சத்தமாகச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. கூச்சம். குறை சொல்லக் கூப்பிட்டபோது ஓடுகிற வண்டியையே நிறுத்தினேன். தப்பு என்னுடையது என்று சொல்ல நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. மனைவி சொல்லிப் பார்த்திருக்கிறாள். டீச்சரே சொல்லிட்டாங்க, நீ இன்னா பெருசா கண்ட என்று அவர் அடக்கிவிட்டார்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று ஒன்பது மணிக்கு அவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, கையில் ஜெராக்ஸ் கடையில் வாங்கிய படிவம். மாற்றுச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம். ஹாஸ்டலில் பேசிவிட்டாராம், இடம் இருக்கிறதாம்.

அது நைட் ஷிஃப்ட் வாரம். அன்றைக்கு இன்னும் மிஸ்டு கால் வரவில்லை. ஜெனியின் தட்டு அடுப்படியில் மூடியே இருந்தது.

"நான் அன்னிக்கு சொன்னது தப்புங்க" என்றேன். "அவ அழுத்தக்காரி இல்ல. இப்ப நல்லா படிக்கறா. நாலாவது பொஸ்தகமே படிக்கறா."

அவர் நம்பவில்லை. டிசி கொடுக்க மனமில்லாமல் பேசுகிறேன் என்று நினைத்தார். பள்ளியில் பிள்ளைகள் குறைவு, ஒரு பிள்ளை போனாலும் எங்களுக்குச் சிரமம் என்று ஊருக்கே தெரியும். "அப்ப இங்கயே படிக்கச் சொல்லுங்க டீச்சர். எங்கண்ணு முன்னால படிச்சிதுன்னா இந்த ஸ்கூல்லயே இருக்கட்டும். சத்தியமா சொல்றேன்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்போது வேண்டாம், அரை மணி நேரம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். போன் என் கண் முன்னால் சும்மா கிடக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும், இத்தனை பாடம் படித்த பிறகும், அந்த நேரத்தில் எனக்கு ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. நான் சொன்னது சரி என்று அந்த மனுஷனுக்குக் காட்ட வேண்டும். "ஜெனி, படிம்மா" என்றேன்.

எழுந்தாள். புத்தகத்தைப் பிடித்தாள். கண் எழுத்தின் மேல் இருந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் தறி அடிப்பது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "நான் உங்கள ஒண்ணும் சொல்லல டீச்சர். நீங்க அன்னிக்கே கரெக்டாதான் சொன்னீங்க. பேனா குடுங்க."

கொடுத்தேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அவர் பெயர், பள்ளியின் பெயர், வகுப்பு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. திட்டம் போட்டெல்லாம் கேட்கவில்லை, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"வூட்ல வந்துட்டாங்களாங்க?"

"யாரு?"

"ஜெனியோட அம்மா. எட்டரைக்கு எனக்கு மிஸ்டு கால் வரும். இன்னிக்கு வர்ல."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபத்தைந்து. பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டார். பக்கத்து வீட்டுக்குப் போட்டார். இன்னும் வரவில்லையே என்று அந்தப் பெண் சொன்னது எனக்கே கேட்டது. வேனில் கூட வருகிறவர்கள் நம்பர் ஒன்றும் அவரிடம் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. சமைக்கிற பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"இத எழுதிக் குடுத்துட்டு ரோட்டுக்கு ஓடிப் பாக்கறேன்" என்று அவசரமாகப் பேனாவை எடுத்தார். பிறந்த தேதி என்ற கட்டத்தில் பேனா நின்றது. நெற்றியைத் தேய்த்தார். உதடு அசைந்தது.

இந்த மனுஷன் ஆட்டோக் கண்ணாடியில் மகள் பெயரை ஒட்டி வைத்திருப்பவர். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சாக்லேட் கொடுப்பவர்.

"டீச்சர்... தெரியும் டீச்சர். நல்லாத் தெரியும். இப்ப வரமாட்டேங்குது."

நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "அவளுக்கும் இதாங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். ஜெனி இன்னும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். கண் மட்டும் என் மேஜை மேல் இருந்த போனுக்கு வந்துவிட்டது.

"தெனமுமா டீச்சர்?" என்றார்.

"நைட் ஷிஃப்ட் வாரத்துல தெனமும்."

அவர் எழுந்து ரோட்டுக்கு ஓடவில்லை. "இங்க வாம்மா" என்றார். அவள் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ‘யப்பா, அடிச்சித் தொலையேன்’ என்று உள்ளே நானும் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அடித்தது. இரண்டு ரிங். நின்றுவிட்டது.

ஜெனி மூச்சு விட்டாள். அவர் உடனே தன் போனில் கூப்பிட்டார். "எங்க இருக்கற? ... ஒண்ணும் ஆவலியே? ... சரி. சரி. படுத்துத் தூங்கு." வாலாஜாபாத்திற்கு முன்னால் வேன் பங்க்சராம், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படி என்று மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மேஜை மேல் கிடந்த காகிதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே, ஜெனி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மாற்றுச்... சான்றிதழ்... கோரும்... விண்ணப்பம்." தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "இன்னாப்பா இது?"

அவர் அந்தக் காகிதத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வாசல்வரை போனவர் நின்று, "டீச்சர், அந்த மிஸ்டு கால எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்றேன்" என்றார். ஜெனி அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தாள். பொங்கல் ஆறிப்போயிருந்தது. உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டாள்.

வாசலில் என்னைப் பிடித்த பெண்ணே, உனக்கு அன்றைக்குச் சொல்லாத பதில் இவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்னால் அதன் தட்டைப் பார், அது சாப்பிட்டதா என்று சமைக்கிறவளிடம் கேள். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு, ஆனால் வண்டியை நிறுத்திப் பேசாதே. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவே முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதிலும் கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது நான் இல்லை. ஒரு போன் அடித்தது, அவ்வளவுதான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பழைய வகுப்புகளை நினைத்துப் பார்ப்பேன். ஜெனிக்கு முன்னால் அழுத்தக்காரி என்றும் அழுத்தக்காரன் என்றும் நான் பெயர் வைத்த பிள்ளைகளில் ஒன்பது பேர் முகத்தோடு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் உள்ளே என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.